ஆயுதச் சேகரமும் ஆயுதப் பதுக்கலும்: ஒரு சரித்திர விசாரம்

துவக்குகளைப் பொழுதுபோக்காகப் போற்றும் அபிமானிகளைப் பற்றி ஆராயப் புகுந்தவன், யாழ்ப்பாணக் குடாநாட்டு வலிகாமப் பகுதியிலுள்ள பண்டத்தரிப்பிலிருந்து தன் விசாரத்தைத் தொடங்குவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஏனெனில் இவ்வூர்ச் சரித்திரத்தில் தேவாலயத்திற்கும் வைத்தியத்திற்கும் பள்ளிக்கூடத்திற்கும் இடமுண்டேயன்றி ஆயுதசாலைக்கு இடமில்லை. போர்த்துக்கேயர் எழுப்பிய கோயிலை ஒல்லாந்தர் கைக்கொண்டதும், 1672இல் அச்சேறிய தமது நூலில் பிலிப்பு பல்தேயு என்னும் ஒல்லாந்தப் பாதிரியார் அக்கோயிலைப் பற்றி எழுதியதும், 1820இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் இங்கு வந்து தொண்டாற்றியதும் இவ்வூரார் அறிந்த செய்திகள். ஆயினும் 1619இல் சங்கிலியனின் இராச்சியம் வீழ்ந்தபின் மூன்று ஐரோப்பிய ஆட்சிகளின் கீழ் வாழ்ந்த இம்மண்ணில், ஆயுதம் ஆள்வோர் கையிலேயே இருந்தமையால், குடியானவன் ஒருவனிடம் தேவைக்கு மேற்பட்ட ஒரு துவக்கு இருக்குமாயின் அதற்கு அவன் காரணம் சொல்லியே தீரவேண்டும் என்னும் நிலை இயல்பாக வேரூன்றிற்று. காரணம் சொல்லும் அக்கடமை எப்படி வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆராய்ச்சியின் வசதிக்காக மூவரை வேறுபடுத்திக் கொள்வோம். தன்னிடமுள்ள ஒவ்வொரு பொருளின் பூர்வோத்தரத்தையும் எடுத்துரைக்க வல்லவனாய், தன் நோக்கத்திற்குப் பொருந்தாதது எவ்வளவு மலிவாக வரினும் மறுக்கத் தெரிந்தவனாய் இருப்பவன் சேகரிப்பவன். வந்ததை மறுக்கவும் இருப்பதைப் பிரியவும் மாட்டாதவன் குவிப்பவன். தன்னிடம் உள்ளதைப் பிறர் கண்ணிலிருந்து மறைப்பவன் பதுக்குபவன். இம்மூவரையும் பிரிப்பது எண்ணிக்கை அன்று. நூறு துவக்கு உடையவன் சேகரிப்பவனாகவும், மூன்று உடையவன் பதுக்குபவனாகவும் இருத்தல் கூடும். அன்றியும், ஒரே பொருள் காலகதியில் இம்மூன்று நிலைகளையும் கடந்து செல்வதைச் சரித்திரம் பலவிடத்தும் காட்டுகின்றது.

போர்த்துக்கேயர் கொழும்புக் கரையில் பீரங்கி முழக்கியபோது உண்டான மருட்சி இலங்கையரிடம் நெடுநாள் நிலைக்கவில்லை. சிங்களக் கம்மியர் விரைவிலேயே அத்தொழிலைக் கற்றதோடு அமையாது, அதனைத் தமக்கே உரிய கலையாகவும் ஆக்கிக்கொண்டனர். ஐரோப்பியத் துவக்கிற் சுடுபொறி வலப்பக்கம் அமைந்திருக்க, இலங்கைத் துவக்கில் அது பெரும்பாலும் இடப்பக்கம் அமைந்தது. அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டு, வெள்ளித் தகடும் தந்தமும் பதிக்கப்பெற்று, கொல்லும் கருவியைக் கண்ணுக்கு இனிய பொருளாக்கிற்று. யாழ்ப்பாணத் தமிழரான சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்தக் குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய தமது பெருநூலை 1908இல் வெளியிட்டதும், நூதனசாலைத் தலைவராயிருந்த தெரணியகல 1942இல் சிங்கள ஆயுதங்களையும் கவசங்களையும் பற்றித் தனியே எழுதியதும், இத்தகைய பொருள்களைப் போர்க்களத்தின் எச்சமாக அல்லாமல் கைவினைஞனின் சாட்சியமாக வாசிக்கும் வழியைத் திறந்தன. குமாரசுவாமியின் வாழ்க்கையே சேகரிப்பவனுக்கு ஒரு நல்ல இலக்கணம். இராசபுத்திர ஓவியங்களைத் தேடித் திரட்டினார். 1916இல் அவற்றைப் பற்றி நூல் எழுதினார். மறு ஆண்டே அத்திரட்டு பொஸ்ரன் நூதனசாலையைச் சேர, அவரும் அங்கே காப்பாளராகச் சென்றார். அறிந்தபின் பிரியவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

குவிப்பின் கதையைக் காணத் தஞ்சாவூருக்குச் செல்லவேண்டும். நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் அவ்வரண்மனையில் வாளும் கட்டாரியும் ஈட்டியும் அங்குசமும் துவக்கும் தலைமுறை தலைமுறையாய் வந்து சேர்ந்தன. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோஜி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்புவித்துக் கோட்டையளவில் அரசராய் இருந்தபின், அப்படைக்கலங்களுக்குப் போரில் யாதொரு பிரயோசனமும் இல்லாமற் போயிற்று. அதே மன்னர், அதே அரண்மனையில், சரசுவதி மகால் புத்தகசாலைக்கு ஏட்டுச்சுவடிகளைக் காசியாத்திரையின் போதும் தேடித் தொகுத்தார் என்பதை எண்ணும்போது, ஓர் அறையில் தேடித் தொகுத்தலும் மற்றோர் அறையில் தானே சேர்ந்து கிடத்தலும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்த விசித்திரம் புலனாகும். 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் சந்ததியின்றி இறக்க, அரசுரிமை முடிவுற்றது. பின்னர் 1860களில் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. சிறந்தவை எனத் தோன்றிய சில சென்னை நூதனசாலைக்குப் போக, மிகுதி உடைத்து நொறுக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1878இல் ஒரு சஞ்சிகையில் அதனை எழுதி வைத்திராவிடில், எவ்வளவு அழிந்தது என்பதைக் கூட நாம் உணர வழியில்லை. புத்தகசாலையோ பேர்னல் துரை அதன் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு வகைப்படுத்திய அட்டவணையொன்றை 1880ஆம் ஆண்டளவில் அச்சிடும் பாக்கியம் பெற்றது; 1918இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஏட்டுக்கு அட்டவணை வாய்த்தது, வாளுக்குத் தராசு வாய்த்தது. சுவடிகளின் அழிவுக்கு இரங்கிய அளவு, அத்தராசிலேறிய வேலைப்பாடுகளுக்கு நம்மவர் இரங்கியதாக நான் வாசித்ததில்லை.

இனிச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். மனத்தினுள் புகுந்து பார்க்கும் சக்தி அரசாங்கத்திற்கு இல்லையாதலால், அது புறத்தே தெரியும் அடையாளங்களையே பற்றிக்கொண்டது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆளின் இனத்தைப் பார்த்தது; இந்தியருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டியதில்லை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் செய்தது. ஆகவே வேட்டைக்கோ தோட்டக் காவலுக்கோ ஒற்றைக்குழல் துவக்கொன்று வைத்திருந்தவன் ஆண்டுக்கொருமுறை அதற்கு நியாயம் கூறவேண்டியவனாயினான். பிரித்தானியச் சட்டம் பழந்துவக்கை விநோதப் பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருப்போரை விட்டுவிடுகின்றது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் சேகரிப்போருக்கென்றே தனி அனுமதிப்பத்திரம் ஏற்பட்டது; ஐம்பது ஆண்டு கடந்த துவக்கு அங்கே அருங்கலமாகும் தகுதி பெறும். இந்தியா 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கத்தக்க துவக்குகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இனம், ஆண்டு, வயது, எண்ணிக்கை என அளவுகோல் மாறியதேயன்றி, அளக்க விரும்பிய பொருள் எந்தக் கோலுக்கும் அகப்படவில்லை.

வைத்திய சாஸ்திரமும் இவ்வெல்லையை வரைய முயன்றதுண்டு. அமெரிக்க மனநோய் வைத்தியச் சங்கம் 2013இல் வெளியிட்ட தனது கைந்நூலின் ஐந்தாம் பதிப்பில், பொருள்களின் மதிப்பு யாதாயினும் அவற்றைப் பிரிய மாட்டாமையையும், அதனால் வாழும் இடம் புழங்க முடியாதபடி அடைந்துபோவதையும் தனியொரு நோயின் குறிகளாக வகுத்தது. முதற் குறி நாம் மேலே குவிப்பவனுக்குச் சொன்னதோடு ஒத்துப்போகின்றது. இரண்டாவது குறி துவக்கு அபிமானியிடம் செல்லாது. ஏனெனில் இருபது துவக்குகள் ஒரே இரும்பலுமாரிக்குள் அடங்கிவிட, கூடம் துப்புரவாகவே காட்சியளிக்கும். வீட்டைப் பார்த்து அந்த நோயைக் கண்டுபிடிக்க முயலும் வைத்தியன் ஏமாறுவான்.

குடாநாட்டில் இந்த விசாரம் முற்றும் வேறோர் உருவெடுத்தது. 1987 யூலை 29இல் கைச்சாத்தான இந்திய இலங்கை உடன்படிக்கை, ஆயுதந்தாங்கிய தமிழ் இயக்கங்களின் ஆயுதங்களை 72 மணித்தியாலத்துள் ஒப்படைக்கச் சொல்லிற்று. ஆகஸ்ட் 5ஆந் திகதி பலாலியில் ஒப்படைப்புத் தொடங்கியது. கொடுக்கப்பட்டது எவ்வளவு, மண்ணுக்குள் போனது எவ்வளவு என்பது சில மாதங்களுக்குள் மூண்ட யுத்தத்தால் வெளிப்பட்டது. பதுக்கல் என்பது அக்காலத்தில் தனிமனிதனின் பேராசையன்று. நாளைய யுத்தத்துக்கான சேமிப்பு. இதன் விளைவாக, பாட்டன் காலத்துத் துருவேறிய குழலொன்று கூட வீட்டில் இருந்தால் அதற்குச் சுவைஞனின் காரணம் சொல்ல இயலாத காலமொன்று வந்தது. மேற்சொன்ன சுடுகலன் கட்டளைச்சட்டத்திற்கு வந்த 1996ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தண்டனைகளையும் கடுமையாக்கியது. துவக்கைக் கலைப்பொருளாகக் காணும் கண் இங்கே வளராமற் போனதற்கு ரசனைக் குறைவைக் காரணமாகக் கூறுவோர் இவ்விடத்தைச் சிந்திப்பதில்லை. சேகரிப்பு வேண்டுவது செல்வத்தை மாத்திரமன்று. தன்னிடமுள்ளதை அச்சமின்றிப் பிறருக்குக் காட்டக்கூடிய சமாதானத்தையும் அது வேண்டும்.

எனினும் காட்டப்படுவதெல்லாம் சேகரிப்பென்று கொள்வதும் தவறு. 1745ஆம் ஆண்டளவில் லெவ்கே திசாவை என்னும் கண்டிப் பிரதானி தம் அரசருக்குக் காணிக்கையாக அளித்த, ஒரு மீற்றருக்குக் குறைந்த நீளமுடைய வெண்கலப் பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதிந்த அற்புதம். அக்காலத்து அரசர் ஸ்ரீ விஜய இராசசிங்கர், மதுரை நாயக்கர் வழிவந்து கண்டிச் சிம்மாசனம் ஏறியவர்களுள் முதல்வர். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது அது கைமாறி, ஒல்லாந்தின் ஆட்சித் தலைவரது விநோதப்பொருட் சாலையை அடைந்து, பின்னர் ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் யாவரும் காணும்படி வைக்கப்பட்டிருந்தது. அங்கே அதற்கு அட்டவணையும் இலக்கமும் பளிங்குப் பேழையும் இருந்தன. ஆனால் எப்படி வந்தது என்னும் கேள்விக்குத் தக்க விடை, இருநாட்டு ஆய்வாளரும் அண்மையில் கூடி ஆராய்ந்த பின்பே துலங்கிற்று. 2023இல் அப்பீரங்கியும், அதனோடு பொன்வாளும் வெள்ளிவாளும் கத்தியும் மகாதுவக்கு எனப்படும் இரு பெருந்துவக்குகளும் இலங்கைக்கு மீண்டன. பூர்வோத்தரத்தை விசாரியாது இருநூறாண்டுக்கு மேலாக ஒரு பொருளைப் பேழையிற் காட்டிக்கொண்டிருந்த நூதனசாலையை, நாம் மேலே வகுத்த மூவருள் யாரோடு சேர்ப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. அது மிகுந்த ஒழுங்குடன் குவித்துக்கொண்டிருந்தது.