முன்னோர் மறைந்த நாளைத் தேடி

பெங்களூர் என்னும் பெயர் முதன்முதலில் எங்கே எழுதப்பட்டது என்று வினவினால், வரலாற்றறிஞர்கள் நம்மைப் பேகூருக்கு அழைத்துச் செல்வர். அவ்வூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கங்கர் காலத்தில் பொறிக்கப்பட்டது. பெங்களூர்ப் போரில் ஒருவன் மாண்டான் என்பதே அக்கல் கூறும் செய்தி. ஆக, இம்மாநகரின் பெயருக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றே ஓர் இறப்புப் பதிவுதான். ஒரு மனிதனின் சாவை எழுதி வைத்ததனால் ஓர் ஊரின் பெயர் வாழ்ந்தது.

வீரனுக்குக் கல் நடும் முறையை வகுத்துரைத்தது தொல்காப்பியம். இல்வாழ்வானின் கடமைகளுள் தென்புலத்தாரைப் பேணுவதை மறவாமல் வைத்தார் வள்ளுவர். இத்தகைய மரபில் வந்த நாம், நம் பாட்டனாரின் தந்தை எந்த ஆண்டில், எந்தத் தெருவில் கண்மூடினார் என்று நம் பிள்ளைகள் கேட்டால் விடையின்றி விழிக்கிறோம். குடிபெயர்ந்தவர் முதலில் இழப்பது நிலத்தை. அடுத்து இழப்பது நினைவை.

பெங்களூர்த் தமிழரின் வரலாற்றை அறிந்தாலன்றி இத்தேடலைத் தொடங்க இயலாது. 1809இல் ஆங்கிலேயர் இங்குப் படைக்குடியிருப்பை அமைத்தபோது, படையினரோடு வணிகரும் கட்டடத் தொழிலாளரும் பணியாட்களும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தனர். 1834இல் சென்னைச் சாப்பர் படையின் தலைமையிடம் இங்கு வந்தது. நம் முன்னோர் ‘தண்டு’ என்றழைத்த அப்பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலும், பழைய பேட்டை மைசூர் அரசின் ஆட்சியிலும் இருந்தன. 1947இல் தண்டு மைசூரோடு சேர்ந்தது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. எனவே, தேடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இறந்தது தண்டிலா, பேட்டையிலா?’ என்பதே. விடை மாறினால் புரட்ட வேண்டிய ஏடும் மாறும்.

ஏட்டைத் தேடுமுன் நாளைத் தேட வேண்டும். அந்த நாள் பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கிறது. திதி கொடுக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் மாதமும் பிறையும் திதியும் தலைமுறைகள் கடந்தும் மறக்கப்படுவதில்லை; ஆண்டு மட்டுமே மறந்து போகும். ஆண்டின் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ‘விளம்பி’ என்றால் 1838, 1898, 1958 ஆகிய மூன்றும் பொருந்தும். தலைமுறையை எண்ணி ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். 1898 என்பது பெங்களூரைக் கொள்ளைநோயாகிய பிளேக் தாக்கிய ஆண்டு; பிளேக் அம்மன் என்ற பெயரிலேயே இங்குக் கோயில் எழுந்தது. எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் வெளியிட்ட காலக்கணித நூல், திதியை ஆங்கிலத் தேதியாக மாற்றும் வழியைக் காட்டுகிறது.

எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். எம் கொள்ளுப்பாட்டியார் இளவயதிலேயே தண்டில் காய்ச்சலால் இறந்தார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். பழைய கணக்கேடு ஒன்றில், ‘காளயுக்தி, கார்த்திக சுத்த பஞ்சமி’ என்ற குறிப்புக் கிடைத்தது. காளயுக்தி 1918இல் பிறந்தது. கார்த்திகை என்று கொண்டு டிசம்பர் மாதப் பக்கங்களை எல்லாம் புரட்டினோம், பயனில்லை. பிறகே உண்மை விளங்கியது. குறிப்பெழுதியவர் இவ்வூர்ப் புரோகிதர் சொற்படி எழுதியிருந்தார். கன்னட நாட்டின் கார்த்திகம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே தொடங்கும் சந்திர மாதம். அப்போது நமக்கு ஐப்பசி நடந்துகொண்டிருக்கும். கணக்கிட்டால் 1918 நவம்பர் 8 வந்தது.

அந்த நாளில் பதிவு இருந்தது. கணவரின் பெயர் இருந்தது; தெரு இருந்தது; வயது முப்பது என்று இருந்தது. அவர் பெயர் மட்டும் இல்லை. ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு எழுத்தர் நிறுத்திக்கொண்டார். அவர் பெயரை எமக்குச் சொன்னது, சீராக வந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்துகளே. அரசு ஏடு விட்டதை அடுப்படிப் பாத்திரம் காத்தது.

பெயர்களில் வேறு இடர்களும் உண்டு. முனுசாமி என்னும் பெயரை ஆங்கில எழுத்தர்கள் பலவாறு எழுதினர். எல்லா வடிவங்களிலும் தேட வேண்டும். பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே ‘பெயரன்’ என்கிறோம். எனவே ஒரே பெயர் இரு தலைமுறைகளில் வந்து மயக்கும். தந்தை பெயரும் தெருவும் ஒத்தாலன்றி முடிவு செய்தல் ஆகாது.

கிறித்தவக் குடும்பத்தார்க்குத் திருச்சபையின் அடக்கப் பதிவேடு துணைசெய்யும். உலகப் போர்களில் மாண்ட வீரர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல்களில் தேடலாம். அவற்றுட் பலவற்றில் தந்தை பெயரும் ஊரும் காணப்படும். முதுமையில் ஊர் திரும்பி இறந்தவர்களைக் கிராம முன்சீப் எழுதிய ஏடுகளில் தேட வேண்டும். பரம்பரைக் கிராம அலுவலர் பதவி தமிழ்நாட்டில் 1980இல் ஒழிந்ததால், வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுப் பார்த்தல் நலம்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடெங்கும் ஒரே முறையைக் கொணர்ந்தது. கட்டணம் செலுத்தி எவரும் பதிவைத் தேடச் செய்யலாம். பதிவு இல்லையெனில் ‘இல்லை’ என்பதற்கே சான்று பெறலாம். சொத்து வழக்குகளில் அதுவும் உதவும். தரப்படும் சான்றில் இறப்பின் காரணம் மட்டும் வெளியிடப்படாது. எம் கொள்ளுப்பாட்டியாரின் சான்றிலும் அது இல்லை. 1918 நவம்பர் என்னும் தேதியே அதைச் சொல்லிவிட்டது: இன்புளூயன்சாக் காய்ச்சல் இந்தியாவில் கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன காலம் அது.

அன்பர்களே, ஏடுகள் செல்லரிக்கும் முன், முதியோர் நினைவு மங்கும் முன், ஒரு குறிப்பேட்டை எடுங்கள். மறைந்தோர் பெயர், ஆண்டு, தமிழ் மாதமா கன்னட மாதமா என்ற விளக்கம், திதி, தெரு ஆகியவற்றை எழுதுங்கள். பெண்களை ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதாமல் அவர்தம் பெயராலேயே எழுதுங்கள். வரும் ஐப்பசி வளர்பிறைப் பஞ்சமியில், நூறாண்டு கடந்தும் எம் இல்லத்தில் ஒரு பெண்மணியின் பெயர் உரக்கச் சொல்லப்படும். கல் நட இயலாத நாம் செய்யக்கூடிய நடுகல் இதுவே.