காவலன் கடமையும் குடிகளின் உரிமையும்

மன்னனைக் காவலன் என்று வழங்கிய மொழி தமிழ். ஆளுவோன் என்னும் பொருளினும் காப்போன் என்னும் பொருளே அச்சொல்லில் முந்தி நிற்கின்றது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார், மனுநீதிச் சோழனின் வரலாற்றிடையே, குடிகளுக்கு ஐந்து வழிகளில் அச்சம் நேரும் என்றும், அவ்வைந்தையும் தீர்ப்பவனே நிலங்காப்பவன் என்றும் கூறுகின்றார். அரசனால் வருவது, அவனுடைய பரிசனத்தால் வருவது, பகைவரால் வருவது, கள்வரால் வருவது, பிற உயிர்களால் வருவது என்பன அவ்வைந்து அச்சங்கள். முதலிரண்டும் அரசே செய்யும் தீங்கு. பின்னைய மூன்றும் பிறர் செய்யும் தீங்கை அரசு தடுக்காது விடுவதால் விளைவன.

தான் செய்த தீங்கிற்கு அரசு விடையிறுக்க வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. பிறன் செய்த தீங்கைத் தடுக்கத் தவறியமைக்கும் அரசும் அதன் பொலிசாரும் சட்டத்தின் முன் பொறுப்பாளிகள் ஆவரோ என்பதே உலக நீதிமன்றங்கள் பலவும் விடை காண முயன்ற வினா. அவ்வினாவுக்கு இந்நூற்றாண்டிற் கிடைத்த விடைகளுள் ஒன்று, மட்டக்களப்பு வாவிக்கரையிற் சிந்திய குருதியோடு தொடர்புடையது.

வாவிக்குக் கிழக்கேயுள்ள கடலோர நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கேயுள்ள வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் வழங்குவர். குருமண்வெளித் துறையிலே ஓடமேறி வாவியைக் கடந்தால் படுவான்கரையிலுள்ள மண்டூரை அடையலாம். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் முருகன் கோயிலால் புகழ்பெற்ற பழம்பதி அது. இத்தகைய ஊர்களிலே முற்காலத்துக் காவல், கண்ணுக்கெட்டாத ஒரு திணைக்களத்தின் அலுவலாக இருக்கவில்லை. போடியாரும், கோயில் வண்ணக்கரும், விதானையாரும் ஊராரின் முகம் அறிந்தவர்கள். மாடு களவு போயினும், வரம்புச் சண்டை மூளினும், முறையிடும் இடம் எது என்பது எல்லார்க்கும் தெரிந்திருந்தது. கடமை தவறியவர் மறுநாள் அதே ஊரார் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியிலே இந்நிலை மாறலாயிற்று. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இலங்கைப் பொலிசுக்குச் சட்ட வடிவம் தந்தது. மறு ஆண்டு, 1866 செப்டெம்பர் 3ஆந் தேதி, காம்பெல் என்பார் அதன் தலைமையை ஏற்றார். அச்சட்டத்தின் 56ஆம் பிரிவு ஒவ்வொரு பொலிஸ் அலுவலரையும் எப்போதும் கடமையில் உள்ளவராகவே கருதுகின்றது. குற்றங்களைத் தடுக்கத் தம்மால் இயன்றவரை முயலுதல், அமைதியைக் காத்தல், பொது அமைதியைப் பாதிக்கும் தகவல்களைத் திரட்டி உரியவர்க்கு அறிவித்தல் ஆகியவை அவர் கடமைகள் என்று அது விதிக்கின்றது. ஆயினும், அக்கடமை தவறினால் துன்புற்ற குடிமகனுக்குப் பரிகாரம் யாது என்பதை அச்சட்டம் சொல்லவில்லை.

வழக்குத் தொடர முற்பட்டாலும் வாயில் அடைபட்டிருந்தது. முடி தவறிழைக்காது என்னும் ஆங்கிலக் கோட்பாட்டின் நிழலிலே, அலுவலரின் தீங்கிற்காக அரசை நட்டஈடு கேட்டல் இந்நாட்டில் இயலாததாயிருந்தது. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமே அத்தடையை நீக்கிற்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மற்றொரு வாயிலையும் திறந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் 126ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உயர் நீதிமன்றத்தை நாடலாம். சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு எல்லோரும் உரித்துடையோர் என்று 12ஆம் உறுப்புரையின் முதற் பிரிவு உரைக்கின்றது. பாதுகாப்பு என்னும் அச்சொல்லே பின்னர் பெரும் பொருள் பெற்றது.

பிறநாடுகளின் நிலையையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 1975இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு வீட்டினுள் கயவர் புகுந்தனர். அங்கிருந்த பெண்கள் இருமுறை பொலிசை அழைத்தனர். வந்த பொலிசார் கதவைத் தட்டிவிட்டு அகன்றனர். பெண்களோ பல மணி நேரம் கொடுமைக்கு ஆளாயினர். அவர்கள் தொடுத்த வழக்கில், பொலிசாரின் கடமை பொதுமக்கள் அனைவர்க்கும் உரியதேயன்றித் தனியொருவர்க்கு உரியதன்று என 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இங்கிலாந்திலே, தொடர் கொலைகாரன் ஒருவனிடம் மகளை இழந்த தாய் பொலிசார்மீது தொடுத்த வழக்கும் 1988இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. ஆனால், 1998இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது. குறித்த ஒருவரின் உயிருக்கு உண்மையான, உடனடியான ஆபத்து உண்டு என்பதை அதிகாரிகள் அறிந்திருந்தனரா, அல்லது அறிந்திருக்க வேண்டுமா? அறிந்தும் தம் அதிகாரத்துக்குட்பட்ட நியாயமான நடவடிக்கையை எடுக்கத் தவறினரா? அவ்வாறாயின் அரசு பொறுப்பாகும் என்பது அதன் கருத்து.

படுவான்கரை மக்கள் ஐவகை அச்சத்துள் முதலிரண்டையும் நேரிற் கண்டவர்கள். 1991 ஜூன் 12ஆந் தேதி, கொக்கட்டிச்சோலைப் பகுதியிலுள்ள மகிழடித்தீவில் 60க்கு மேற்பட்ட குடிமக்கள் படையினராற் கொல்லப்பட்டனர். அதனை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. காவற்றுறை காக்கும் என்ற நம்பிக்கை இப்பகுதியில் எத்துணை மெலிந்தது என்பதை உணர அந்நாளை நினைத்தல் போதும். போர் முடிந்த பின்னரும், முறையிடச் சென்றவரின் சொல்லைக் கேளாமை என்னும் குறை முற்றாக நீங்கவில்லை.

2017 மார்ச்சில் காத்தான்குடியில் சஹ்ரான் ஹாஷிமின் கூட்டத்தார்க்கும் பிறிதொரு முஸ்லிம் பிரிவினர்க்குமிடையே மோதல் நிகழ்ந்தது. சஹ்ரான் தலைமறைவானான். அவனுடைய தீவிரப் போக்கைக் குறித்து முதலில் எச்சரித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. 2018 நவம்பர் 30ஆந் தேதி படுவான்கரையிலுள்ள வவுணதீவில் காவற்சாவடியில் நின்ற பொலிசார் இருவர் கொல்லப்பட்டனர். பழி முன்னாட் போராளி ஒருவர்மேல் விழுந்தது. அவர் மாதக்கணக்கிற் தடுத்து வைக்கப்பட்டார். உண்மைக் கொலைஞர் சஹ்ரான் கூட்டத்தார் என்பது காலங் கடந்தே வெளிப்பட்டது.

2019 ஏப்ரல் 4ஆந் தேதி, தாக்குதல் நிகழக்கூடும் என்ற வெளிநாட்டுத் தகவல் அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்தது. 9ஆந் தேதி அது கடித வடிவிலே பொலிஸ் மா அதிபரை அடைந்தது. 16ஆந் தேதி காத்தான்குடியை அடுத்த பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வெடித்தது. 20ஆந் தேதி மேலும் எச்சரிக்கை வந்தது. ஆயினும் தேவாலயங்களுக்கு எச்சரிக்கை செல்லவில்லை. மறுநாள், ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குண்டுகள் வெடித்த அதே காலையில், மட்டக்களப்புச் சியோன் தேவாலயத்திலும் ஒருவன் குண்டை வெடிக்கச் செய்தான். அங்கு 30 பேரளவில் மாண்டனர். அவருட் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர். நாடெங்கும் மடிந்தோர் 260க்கு மேற்பட்டோர்.

துன்புற்றோரும், சமயத் தலைவரும், சட்டத்தரணிகளும் 12 மனுக்களைத் தாக்கல் செய்தனர். நீதியரசர் எழுவர் அமர்ந்து விசாரித்தனர். 2023 சனவரி 12ஆந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. தகவல் கையிலிருந்தும் செயற்படாமை, சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் மீறிய செயலே என மன்று முடிவு செய்தது. அந்நாளிற் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று பணித்தது. பொலிஸ் மா அதிபராயிருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுத் தலைவராயிருந்த நிலந்த ஜயவர்தனவும் தனித்தனி 7½ கோடியும், பாதுகாப்புச் செயலாளராயிருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடியும், தேசிய புலனாய்வுத் தலைவராயிருந்த சிசிர மெண்டிஸ் 1 கோடியும், அரசு 10 இலட்சமும் செலுத்துமாறு தீர்க்கப்பட்டது. தனிநபர் ஐவரும் தத்தம் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது நேயர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

களவு போன பொருளை மீட்டுக் கொடுக்க இயலாத அரசன் தன் பொருளிலிருந்து ஈடு செய்தல் வேண்டும் என்று கௌடலியரின் அருத்தசாத்திரம் விதித்தது. அப்பழைய நீதி புத்துருப் பெற்றது போலும் இத்தீர்ப்பு. ஆயினும் மாண்ட குழந்தைக்கு ஈடாகும் தொகை உலகில் இல்லை. தீர்ப்பின் பயன் வேறொன்று. அறிந்தவன் வாளாவிருத்தலும் குற்றமே என்பதும், அக்குற்றத்திற்குப் பதவியின் உயர்வு அரணாகாது என்பதும் நாட்டின் சட்டமாயின.

எனினும் ஒரு பெருங்குறை எஞ்சி நிற்கின்றது. நாடே நடுங்கிய நிகழ்ச்சிக்குத் திறந்த கதவு, தனியொருவரின் துயருக்கும் அவ்வண்ணமே திறக்குமா? கணவன் கொல்லுவான் என அஞ்சி முறையிடும் பெண்ணின் வாக்குமூலம் எழுதப்படாது போகலாம். காணிப் பகையால் அச்சுறுத்தப்படும் உழவன் நாளை வா என்று திருப்பி அனுப்பப்படலாம். அவர்கள் நாடவேண்டிய உயர் நீதிமன்றம் கொழும்பில் உள்ளது. உரிமை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனுச் செய்தல் வேண்டும். மண்டூரிலோ வெல்லாவெளியிலோ வாழும் ஓர் ஏழைக் குடும்பத்திற்கு அப்பயணமும் செலவும் எளியனவல்ல. இதற்கு ஓரளவு துணை செய்வது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவ்விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கிற் சேராது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, தேதியும் இலக்கமும் குறித்த சான்றைப் பெற்று வைத்தல் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய பழக்கம். அதிகாரி அறிந்திருந்தார் என்பதை மன்றிலே மெய்ப்பிப்பது அத்துண்டுக் காகிதமே.

வைகாசி தோறும் மட்டக்களப்பின் கண்ணகி கோயில்களிலே வழக்குரை பாடப்படுகின்றது. ஊர்பேர் அறியாத ஒரு பெண் அரண்மனை வாயிலில் நின்று நீதி கேட்க, மன்னன் அவளைத் தன் முன் அழைத்து விடை சொல்லக் கடமைப்பட்டான் என்பதை அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகின்றனர். அவ்வாயில் இன்று சட்டப் புத்தகத்தில் திறந்திருக்கின்றது. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்தின் முன்மேசையிலும் அது திறக்கும் நாளே, காவலன் என்னும் சொல் தன் முழுப்பொருளையும் பெறும் நாளாகும்.