இரு கம்பிகளின் முறுக்கு

2020-ஆம் ஆண்டு கல்லூரிகள் மூடிக்கிடந்த நாள்களில் சின்ன காஞ்சிபுரத்து என் வீட்டுக் கூடமே வகுப்பறையாயிற்று. ஒரு காலை, முதுகலை மாணவி ஒருத்தி தன் முதல் கருத்தரங்கக் கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்கையில் என் இணைய இணைப்பு அறுந்தது. மோடத்தின் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி மீண்டும் நிலைபெற்றபோது அவள் முடித்திருந்தாள். "எப்படி இருந்தது ஐயா?" என்றாள். "நன்று" என்றேன். அந்தப் பொய் வெகுநாள் உறுத்தியது.

இணைப்பு ஏன் அறுகிறது என்று தேடப் புகுந்தவன் 1881-ஆம் ஆண்டில் போய் நின்றேன். நண்பர்களுக்கும் அது சுவைக்கும் என்று நம்புகிறேன்.

கிரஹாம் பெல் 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்ககாலத் தொலைபேசிக்குப் பெரும்பாலும் ஒற்றைக் கம்பிதான். மின்னோட்டம் திரும்பும் வழி பூமி. இது தந்தியிடமிருந்து வந்த வழக்கம். தந்தியின் தட்டொலிக்கு அது போதுமானதாக இருந்தது, மனிதக் குரலுக்குப் போதவில்லை. பக்கத்துத் தந்திக் கம்பிகளின் ஓசையும், பின்னர் மேலைநாட்டு நகரங்களில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம்களின் இரைச்சலும் பேச்சில் புகுந்தன. பெல் 1881 ஜூலையில் பெற்ற மற்றொரு காப்புரிமை இதற்கு வழிசொன்னது. இரண்டு கம்பிகளை ஒன்றையொன்று சுற்றி முறுக்கிவிட்டால் வெளி இரைச்சல் இரண்டின் மீதும் ஏறத்தாழச் சமமாகவே விழும். மறுமுனைக் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கேட்பதால், பொதுவாக விழுந்த இரைச்சல் கழிந்துபோகும். அடுத்த ஆண்டே, 1882-இல், சென்னையில் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது.

முறுக்கின் அருமையை நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முறுக்கேற்றாத பட்டிழை பாவில் நின்று தாங்காது என்பது இங்குள்ள நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

குரலுக்காக இடப்பட்ட அதே செம்புக் கம்பிகளின் மீது ஒரு நூற்றாண்டு கழித்துப் புதுச் சுமை ஏறியது. பேச்சுக்குச் சுமார் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை போதும். 1980-களின் இறுதியில் ஜோசப் லெக்லைடர் முதலிய பொறியாளர்கள் வகுத்த முறை, அதற்கு மேலே வெறுமையாகக் கிடந்த பரப்பில் இணையத்தை ஏற்றியது. அதன் முதல் வடிவமே 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை சென்றது. இந்திய அரசின் 2004-ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, குறைந்தது 256 கிலோபிட் வேகமுள்ள, எப்போதும் அறாத இணைப்பு என்று அதற்கு இலக்கணம் வகுத்தது. ஆனால் அவ்வளவு உயரத்தில் செல்லும் மெல்லிய அலைக்கு, காதுக்கு எட்டாத மின்னதிர்வும் பேரிடிதான். இடி விழுந்ததும் மோடம் நிலையத்தோடு பேச்சை முறித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும்.

வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் என்னும் சிற்றூரில் பதினெட்டு மாதங்கள், நாள்தோறும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதும் இணைப்பு அறுந்தது. வடங்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பொறியாளர்கள் அலை அளக்கும் கருவியோடு விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்தார்கள். ஒரு வீட்டில் காலைதோறும் போடப்பட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டியே காரணம் என்று கண்டார்கள். இச்செய்தி 2020 செப்டம்பரில் வெளிவந்தது. வடத்தை மாற்றியபோது பிடிபடாத பிழை, நேரத்தைக் கவனித்தபோது பிடிபட்டது.

என் வீட்டுக்கு வந்த முதிய கம்பியாளர் அபெர்ஹோசனைக் கேள்விப்பட்டவர் அல்லர். மோடத்தைத் தொடவும் இல்லை. "எப்பெப்போ போவுதுன்னு மணி பாத்து ஒரு வாரம் எழுதி வைங்க சார்" என்று சொல்லிப் போய்விட்டார். எரிச்சலோடுதான் எழுதினேன். வாரக் கடைசியில் குறிப்பைப் பார்த்தவர், "காலையில மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்றார். ஏழு நாளில் ஆறு நாள் அந்த நேரமேதான். சுவர்ப் பெட்டியிலிருந்து மோடம் வரை நான் இழுத்திருந்தது முறுக்கில்லாத தட்டைக் கம்பி. அது கிணற்று மோட்டாரின் மின்கம்பியோடு ஒரே குழாய்க்குள் கூடம் நெடுகப் படுத்திருந்தது. தெருவெங்கும் காத்துவந்த முறுக்கை, வீட்டுக்குள் கடைசிப் பத்தடியில் நானே அவிழ்த்திருக்கிறேன்! அவர் மோடத்தைச் சுவரருகே நகர்த்தி, முழ நீளத்தில் ஒரு முறுக்குக் கம்பியைப் பூட்டினார். அதன்பின் மோட்டார் ஓடியது, வகுப்பும் ஓடியது.

இன்று கண்ணாடி இழைகள் வந்துவிட்டன. மின்னிரைச்சல் அவற்றைத் தீண்டுவதில்லை. செம்போடு கம்பியாளரும் விடைபெறுகிறார். கருவியைக் குறைசொல்லும் முன் காலத்தைக் குறித்துவை என்ற அவருடைய பாடமும் கூடவே போய்விடுமோ என்பதே என் கவலை.

தமிழில் 'புரி' என்றால் முறுக்கு. வலம்புரிச் சங்கிலும் முப்புரி நூலிலும் இருப்பது அதுதான். பேச்சு வழக்கில் விளங்கிக்கொள்வதையும் 'புரிதல்' என்கிறோம். இரண்டுக்கும் வேர்த்தொடர்பு உண்டா என்பதை மொழியறிஞர்களுக்கு விடுகிறேன். எனக்கு அன்று இரண்டும் ஒன்றாகவே வாய்த்தன.

மறுநாள் அந்த மாணவியிடம் உண்மையைச் சொன்னேன். கட்டுரையை மீண்டும் வாசிக்கச் சொல்லி, கடைசி வரி வரை கேட்டேன்.