வக்கீல் ரகசியமும் 1872-ல் போட்ட கோடும்

எங்க ராயப்பன்பட்டி பழைய கத்தோலிக்க ஊர். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது. அதுக்கு விதிவிலக்கே கிடையாது. வக்கீல்கிட்ட சொன்னதும் அதே மாதிரிதான்னு பலபேர் நினைக்கிறாங்க. உத்தமபாளையம் கோர்ட்டுக்கு நடையா நடக்கிற ஆளுங்களுக்கும் இதே நினைப்புதான். ஆனா வக்கீல் ரகசியத்துக்கு ஒரு எல்லை உண்டு.

அந்தக் கோட்டை இந்தியாவில் போட்டவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். 1872-ன் சாட்சியச் சட்டம் அவர் எழுதியது. கட்சிக்காரர் சம்மதிக்காமல் வக்கீல் வாய் திறக்கக்கூடாது என்கிறது 126-வது பிரிவு. கூடவே உதாரணங்களும் உண்டு. "கள்ளப் பத்திரம் தயார் பண்ணிட்டேன், எனக்காக வாதாடுங்க" என்று ஒருத்தன் சொன்னால் அது ரகசியம். "இந்தக் கள்ளப் பத்திரத்தை வச்சு சொத்தைப் பிடிக்கணும், கேஸ் போடுங்க" என்றால் ரகசியம் இல்லை. அதாவது, செஞ்சு முடிச்ச குற்றத்துக்குத்தான் பாதுகாப்பு. செய்யப்போற குற்றத்துக்குக் கிடையாது.

12 வருஷம் கழிச்சு, 1884-ல், இதே கேள்வி இங்கிலாந்தில் எழுந்தது. அவதூறு வழக்கில் தோற்ற ரெயில்டன், சொத்து ஜப்தியாகாமல் தப்ப வழி கேட்டு, கூட்டாளி காக்ஸோடு வக்கீலிடம் போனார். பிறகு முன்தேதி போட்டு ஒரு பத்திரம் வந்தது. அந்த வக்கீல் சாட்சி சொல்லலாமா? தாராளமா சொல்லலாம் என்று தீர்ப்பை வாசித்த நீதிபதி யார் தெரியுமா? நம்ம ஸ்டீபனேதான்!

சரி, வக்கீலே சந்தேகத்துக்கு ஆளானால்? இங்கேதான் ஒண்ணு கவனிக்கணும். ரகசியம் கட்சிக்காரருடைய உரிமை, வக்கீல் போட்டுக்கிற கவசம் இல்லை. அதுக்காக கட்சிக்காரர் செய்த தப்புக்கெல்லாம் வக்கீலைப் பிடிக்கவும் முடியாது. விஜயா வங்கி வீட்டுக்கடன் மோசடியில் சட்டக் கருத்து கொடுத்த வக்கீல் மீதும் சிபிஐ வழக்குப் போட்டது. 2012-ல், நம்ம ஈரோட்டுக்காரர் நீதிபதி சதாசிவம் இருந்த சுப்ரீம் கோர்ட் அமர்வு, சதியில் தெரிஞ்சே பங்கெடுத்ததுக்கு ஆதாரம் வேணும், கருத்து தப்பாப் போனதே குற்றம் ஆகாது என்றது.

2025 ஜூனில் சென்னை மூத்த வக்கீல் அரவிந்த் தத்தாருக்கு, சட்டக் கருத்து கொடுத்ததற்காக அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பவே வாபஸ் வாங்கியது. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்து, அக்டோபர் 31-ல் தீர்ப்பு சொன்னது. பழைய 126 இப்போ பாரதிய சாட்சிய சட்டத்தின் 132. அதன் விதிவிலக்கு எது பொருந்துதுன்னு சம்மனில் எழுதணும். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத மேலதிகாரி எழுத்தில் ஒப்புதல் தரணும். வக்கீலின் செல்போன், கம்ப்யூட்டரைக் கோர்ட்டில்தான் ஒப்படைக்கச் சொல்லலாம். மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் வெளியே போகக்கூடாது.

எனக்கு முக்கியமாப் படுவது அந்தக் கடைசி வரிதான். ஒரு வக்கீல் மேல் சந்தேகம் வந்துட்டா, அவரிடம் நம்பிப் பேசின நூறு பேரின் கட்டையும் சேர்த்துப் பிரிச்சுப் பார்க்கலாமா? ஸ்டீபன் போட்ட கோடு குற்றத்துக்கு மட்டும்தான். அதைத் தாண்டி ஒரு காகிதத்தைத் தொட்டாலும், அடுத்த தடவை யாரும் வக்கீலிடம் உண்மையைச் சொல்ல மாட்டாங்க.