மெய்நிகர் வட்டைக் கழற்றுவது - ஒரு சிறு வரலாறு

கணினியிலிருந்து வட்டைக் கழற்றுவது ஒரு காலத்தில் கையால் செய்யும் வேலை. 1962-ல் ஐபிஎம் வெளியிட்ட 1311 இயக்கியில் ஆறு தட்டுகள் கொண்ட அடுக்கை அப்படியே தூக்கி வெளியே வைக்கலாம். எடை சுமார் நாலரை கிலோ, கொள்ளளவு 20 லட்சம் எழுத்துகள். 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியால் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்த காலத்திலும் கழற்றும் அடுக்குகள்தான் உலக வழக்கம். அடுக்கு அலமாரியில் இருந்தால் அது கழற்றப்பட்டுவிட்டது. சந்தேகமே இல்லை.

சந்தேகம் வந்தது மெய்நிகர் வட்டுகளால். 1972-ல் வந்த விஎம்/370 ஒரே வட்டைப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனி வட்டு போலப் பலருக்குக் கொடுத்தது. இதில் கையால் தூக்க எதுவும் இல்லை. "டிடாச்" என்று கட்டளை கொடுத்தால் இணைப்பு அறுபடும், தகவல் அங்கேயே இருக்கும்.

பிறகு ஒரே இயந்திரத்தைப் பல கணினிகளாகப் பிரிக்கும் தருக்கப் பிரிவுகள் (லாஜிக்கல் பார்ட்டிஷன்) வந்தன. ஐபிஎம்மின் பெருங்கணினிகளுக்கு 1988-ல், ஏஎஸ்/400-க்கு 1999-ல், யூனிக்ஸ் வகை பி690-க்கு 2001-ல். 2004-ல் பவர்5 உடன் விஐஓஎஸ் வந்தது. உண்மையான வட்டுகளை இந்தத் தனிப் பிரிவு வைத்துக்கொண்டு மற்றப் பிரிவுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஆக, ஒரு வட்டு இரண்டு இடங்களில் பதிவாகிறது: பயன்படுத்தும் பிரிவில் ஒன்று, கொடுக்கும் விஐஓஎஸ்ஸில் ஒன்று.

இந்த இரட்டைப் பதிவு காரைக்கால்காரர்களுக்குப் புதிதல்ல. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் காரைக்காலை விட்டுப் போனது. ஆனால் 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எட்டு வருடம் ஊர் இந்திய நிர்வாகத்தில், சட்டப்படியான உரிமை பிரான்சிடம். முதலில் நடைமுறை, பிறகு ஏடு. ஊரும் வயலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

வட்டைக் கழற்றவும் இந்த வரிசைதான் சரி. முதலில் பயன்படுத்தும் பிரிவில் நிரல்களை நிறுத்தி, கோப்பு முறைமையை இறக்கி, வட்டுத் தொகுதியை அணைத்து, அந்த வட்டின் பதிவை நீக்க வேண்டும். பிறகு விஐஓஎஸ்ஸில் இணைப்பை நீக்கலாம். இரண்டு விஐஓஎஸ் வழியாக வட்டு வந்தால் இரண்டிலும் நீக்க வேண்டும். இடையில் சில நாள் தாமதமானாலும் நஷ்டமில்லை. தலைகீழாகச் செய்தால், வட்டு இருப்பதாக நம்பி எழுதிக்கொண்டிருக்கும் நிரல் பாதியில் முறியும், தகவல் சிதையலாம்.

பெயரிலும் ஒரு பொறி உண்டு. பிரிவில் "எச்டிஸ்க்4" எனப்படுவதும் விஐஓஎஸ்ஸில் "எச்டிஸ்க்4" எனப்படுவதும் ஒரே வட்டாக இருக்க வேண்டியதில்லை. பெயரை மட்டும் பார்த்துக் கழற்றினால் போவது அடுத்தவர் வட்டு. அதனால் வட்டின் அடையாள எண்ணை இரு பக்கமும் ஒப்பிட்ட பிறகே கை வைப்பார்கள்.

கடைசியாக, இணைப்பை நீக்குவது வேறு, வட்டை அழிப்பது வேறு. இணைப்பு போனால் மறுபடி கொடுக்கலாம், 1311 அடுக்கை அலமாரியிலிருந்து எடுத்துத் திரும்பப் பொருத்தியது போல. விஐஓஎஸ்ஸில் அந்த இடத்தையே அழித்துவிட்டால், காப்பு நகல் எடுத்து வைத்தவர் மட்டுமே பிழைப்பார்.