சமூக சுகாதாரச் செவிலியம் (பட்டமேற்படிப்பு)

எம்.எஸ்சி. நர்சிங் என்ற இரண்டாண்டுப் படிப்பின் ஐந்து சிறப்புப் பிரிவுகளில் ஒன்று. மற்ற நான்கும் பெரும்பாலும் மருத்துவமனை வார்டைச் சுற்றியவை. இதற்கு வீடும் தெருவும் துணை சுகாதார நிலையமும்தான் களம்.

தமிழ்நாட்டில் இதன் வேர் வேலூரில் இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1909இல் அங்கே நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுக்கும் வழக்கமும் அவருடையதே. 1946இல் ஜோசப் போர் தலைமையிலான குழு, சிகிச்சையோடு நோய்த் தடுப்பையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் வலியுறுத்தி அறிக்கை தந்தது. அதே ஆண்டில் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. பட்டமேற்படிப்பு டெல்லியில் 1959இல் தொடங்கியது.

1988இல் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியபின், படிப்பு பெருநகரங்களைத் தாண்டிச் சிறு ஊர்களுக்கும் பரவியது. சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரை மாதா செவிலியர் கல்லூரி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

பட்டம் பெற ஆய்வேடு கட்டாயம். அது போகும் தடம் ஏறக்குறைய ஒன்றுதான்: மாணவி ஒரு கிராமத்தில் சில பத்துத் தாய்மார்களைத் தேர்ந்தெடுத்து வினாத்தாள் கொடுப்பார், படஅட்டை காட்டி வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கக் கற்றுத்தருவார், ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாளைக் கொடுத்து, மதிப்பெண் ஏறியதை டி-டெஸ்ட் போட்டு நிறுவுவார். பாடம் நடத்தினால் மதிப்பெண் ஏறாமல் என்ன செய்யும்? அடுத்த கோடையில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது அந்தத் தாய் கரைசல் கலக்கினாளா என்று பார்க்க, படிப்பின் காலஅட்டவணை இடம் தருவதில்லை. குறை மாணவியுடையது அன்று. வளரிளம் பெண்களுக்கு முருங்கைக்கீரை, பேரீச்சை கொடுத்து ஹீமோகுளோபினை அளக்கும் ஆய்வுகள் இவற்றைவிட ஒரு படி மேல். அங்கே பேசுவது இரத்தம், வினாத்தாள் அன்று.

ஆய்வுக்குத் தேவையான தொடர் பதிவு ஊரிலேயே இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகள், தடுப்பூசி, பிரசவம் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் எழுதிவருகிறார். வேலூர் சி.எம்.சி. கணியம்பாடி ஒன்றியத்து மக்களைப் பல பத்தாண்டுகளாக இப்படித் தொடர்ந்து கவனித்து வருவதால்தான் அங்கிருந்து வரும் ஆய்வுகளுக்கு மதிப்பு. மற்ற கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் புது மாணவி, புது ஊர், புது வினாத்தாள்.

செவிலியர் படிப்புகளை ஒழுங்குபடுத்திவந்த 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது.