முதல் காரட், கடைசி காரட்

காரட் என்றதும் காய்கறிக் கடையை நினைக்க வேண்டாம். இது ஒரு வகை நீராவி ரயில் இஞ்சின். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் வாயில் 'லோகோமோத்தீவ் அ வப்பேர்'. ஹெர்பர்ட் வில்லியம் காரட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1907-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு.

பல்லக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பாய்லர்தான் பல்லக்கு. முன்னே ஒரு சக்கரத் தொகுதி, பின்னே ஒன்று. இரண்டும் அதைத் தாங்கிப் போகும். வளைவு வந்தால் இரண்டும் தனித்தனியே திரும்பிக்கொள்ளும். அதனால் மலைப்பாதைக்கும் குறுகிய தண்டவாளத்துக்கும் மிகவும் ஏற்றது.

முதல் இரண்டு காரட்டுகளை மான்செஸ்டரில் இருந்த பேயர் பீகாக் தொழிற்சாலை 1909-இல் கட்டியது. கே 1, கே 2 என்று பெயர். இரண்டும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்குப் போயின. அங்கே சுரங்கப் பகுதியில் 2 அடி அகலப் பாதையில் ஓடின. விழுப்புரம்–புதுச்சேரி மீட்டர் கேஜையே குறுகல் என்றவர்கள் நாம்!

அந்தப் பாதை மூடப்பட்ட பின், 1947-இல் பேயர் பீகாக் தன் தலைப்பிள்ளையைத் திரும்ப வாங்கியது. கே 1-இல் பழுதான பாகங்களுக்குப் பதில் கே 2-இன் பாகங்களைச் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். ஆனால் 1966-இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. பிள்ளை வந்தது, வீடு போயிற்று. வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியோக் ரயில்வே அதை வாங்கியது, அங்கும் ஓடவில்லை. 1976 முதல் யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக நின்றது.

இனி கடைசிப் பிள்ளையின் கதை. மான்செஸ்டர் கட்டிய கடைசி காரட்டின் எண் 143. ஆண்டு 1958. இது தென்னாப்பிரிக்காவின் 2 அடிப் பாதைகளில் உழைத்தது. வேல்ஸில் வெல்ஷ் ஹைலேண்ட் பாதையை மீண்டும் போடத் தொடங்கியபோது ஃபெஸ்டினியோக்காரர்கள் 138, 143 என்ற இரண்டையும் வாங்கினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 60 டன். 1997 தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கின. அதே ஆண்டு 138 பயணிகளை இழுத்தது.

கே 1 மறுபடி பயணிகளை இழுத்தது 2006-இல். 1947-லிருந்து கணக்குப் போடுங்கள், 59 ஆண்டுகள்! அரசுக் கோப்புகள் நகர்வதைப் பார்த்த எனக்கே இது அதிகம்தான். தென்னாப்பிரிக்க இஞ்சின்கள் அண்மைக்காலம் வரை உழைத்தவை. அவற்றை ஓட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கைகள் இருந்தன. கே 1-க்கோ பாய்லரையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இரும்பைக் கொண்டுவர ஒரு கப்பல் போதும். ஓட வைக்கப் பணமும் பொறுமையும் ஒரு தலைமுறையின் உழைப்பும் வேண்டும்.

நம் டார்ஜிலிங் மலை ரயிலுக்கும் 1911-இல் இதே தொழிற்சாலையிலிருந்து ஒரு காரட் வந்தது. கே 1-க்கு இரண்டே வயது இளையது. அதைக் காப்பாற்றி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்று புகைப்படம் மட்டும்தான் மிச்சம்.